ஆடிட் ரூமில் குடியேறிய மாப்பிள்ளை

மெஹ்ஜபின் சொன்னது ஒரே ஒரு பொய். அதுவும் ஒற்றைச் சொல். "கிழக்கு" என்றாள், அவ்வளவுதான். அந்தச் சொல்லைக் காப்பாற்ற அதன்பின் அவள் சொன்னதையெல்லாம் பொய் என்று சொல்வது பாவம். அதெல்லாம் கட்டட வேலையில் சேர்த்தி.

நடந்தது இதுதான். அன்றைக்கு ஹில்மி வீடியோ காலில் இருந்தான். இலங்கையில் கல்முனைக்குப் பக்கத்தில் மருதமுனை அவன் ஊர். குடும்பத்துக்கு அங்கே துணிக்கடை. பனியனும் பிள்ளைகள் உடுப்பும் வாங்கத் திருப்பூர் வந்து போகிறவன். ஒருமுறை காதர்பேட்டை முழுக்க ஏறி இறங்கிவிட்டு மண்ணரையில் பசீர் அகமதுவின் கம்பெனிக்கு வந்து சேர்ந்தான். அங்கே விலை பேச உட்கார்ந்திருந்தவள் பசீரின் ஒரே மகள் மெஹ்ஜபின். விலை படிந்த பிறகும் பேச்சு முடியவில்லை. ஊருக்குப் போன பிறகும் முடியவில்லை. கடைசியில் அவன் வீட்டிலிருந்து முறையாகப் பெண் கேட்டார்கள், இரண்டு பக்கமும் சம்மதம், தேதியும் குறித்தாயிற்று. அந்தத் தைரியத்தில்தான் அவன் சாவகாசமாக ஒன்று கேட்டான்.

"நமக்குத் தாற அறையில சன்னல் எந்தப் பக்கம் இரிக்கி, மெஹ்ஜபின்? எனக்கு விடியக்குள்ள முகத்தில வெளிச்சம் பட்டாத்தான் எழும்ப ஏலும்."

நமக்குத் தாற அறையா, எந்த அறை என்று கேட்க வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனான். கடைப் பொறுப்பைத் தங்கை புருஷனிடம் ஒப்படைத்துவிட்டானாம். பைக்கை விற்றுவிட்டானாம். திருப்பூர்த் தண்ணிக்குத் தலைமுடி கொட்டும் என்று யாரோ பயமுறுத்துகிறார்களாம், உண்மையா என்று கேட்டான்.

மெஹ்ஜபினுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவன் ஊர்ப்பக்கம் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடிபோவான். பெண்ணுக்கு வீடு கொடுப்பது பெற்றவர் பொறுப்பு. அவன் அண்ணன்மார் அப்படித்தான் போனார்கள். அவனும் அப்படித்தான் வரப்போகிறான். இங்கேயோ, பெண் கடல் தாண்டிப் போகப்போகிறாள் என்று வீடே துக்கம் கொண்டாடிக்கொண்டிருக்கிறது.

எத்தனை மாதமாகப் பேசினார்கள். மஹர் பேசினார்கள், மண்டபம் பேசினார்கள், பிரியாணிக்குப் பின் வட்டிலப்பமா அல்வாவா என்று ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கப் பேசினார்கள். கல்யாணம் முடிந்து பிள்ளைகள் எங்கே குடியிருப்பார்கள் என்று மட்டும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அதே தமிழ், அதே மார்க்கம். வீட்டை அவர்களும் ஊடு என்றுதான் சொல்கிறார்கள். முதல் நாளே பசீர் அகமது, "ஊடுன்னு சொல்றான் பாரு, இவன் நம்ம பையன்" என்று மயங்கிவிட்டார். மங்கோலியாவில் சம்பந்தம் செய்திருந்தால் உப்பு முதல் செருப்புவரை விசாரித்திருப்பார்கள். சொந்த மொழிக்காரர்கள் என்ற நம்பிக்கையில் வந்த வினை இது.

இதில் மெஹ்ஜபின் நிலைமையைச் சொல்ல வேண்டும். அவளுக்கு ஹில்மி வேண்டும். கம்பெனியும் வேண்டும். உள்ளூர் பனியனை மட்டும் தைத்துக்கொண்டிருந்த இடத்தில் பிள்ளைகள் உடுப்பைக் கொண்டுவந்து, வெளிநாட்டு ஆர்டர் பிடித்து, தையல் லைனில் இத்தனை பேரை உட்காரவைத்தவள் அவள். அதை விட்டுப் போக வேண்டுமே என்று ராத்திரியெல்லாம் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தாள். இப்போது இரண்டும் ஒரே வேனில் வந்து இறங்கப்போகிறது. ஆனால் அத்தா பசீருக்குத் தெரிந்தால் கல்யாணமே நின்றுவிடும். ஊட்டோட மாப்பிள்ளை என்ற பேச்சே அவருக்கு ஆகாது. அவருடைய சித்தப்பா மகன் ஒருவர் மாமனார் வீட்டோடு இருக்கப் போனதற்கு இன்றுவரை அந்த மனிதரை விசேஷ வீடுகளில் கேலி பேசித் தீர்க்கிறவர். கொடுப்பதற்கு வீடில்லை என்று ஹில்மியின் உம்மாவுக்குத் தெரிந்தாலும் நின்றுவிடும். ஆகவே நிக்காஹ் முடியும்வரை இந்தப் பக்கமும் தெரியக்கூடாது, அந்தப் பக்கமும் தெரியக்கூடாது. முடிந்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும்?

"மெஹ்ஜபின், கேக்குதா? சன்னல் எந்தப் பக்கம்?"

"கிழக்கு" என்றாள்.

அப்போது அறையே கிடையாது. வீட்டுக்குப் பின்னால், அதே காம்பவுண்டில் கம்பெனி. கம்பெனிக்கு மேலே வேஸ்ட் துணி போட்டுவைக்கும் ஒரு குடோன். அதற்குச் சன்னலும் கிடையாது.

மறுநாள் காலை அத்தா டீ குடிக்கும்போது மெல்ல ஆரம்பித்தாள். "ஆடிட் வருதுங்கத்தா."

திருப்பூரில் ஆடிட் என்ற சொல்லுக்கு இருக்கிற மரியாதை மாவட்ட ஆட்சியருக்குக்கூடக் கிடையாது. பையர் என்கிற வெளிநாட்டு வாடிக்கையாளர் ஆர்டர் கொடுக்குமுன் ஆள் அனுப்பிக் கம்பெனியைச் சோதிப்பதுதான் ஆடிட். மகள் கல்யாணத்துக்கு வெள்ளையடிக்காதவரும் ஆடிட் என்றால் அடித்துவிடுவார். பசீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எந்த பையர் கண்ணு?"

"புது பையருங்க. ரொம்ப ஸ்ட்ரிக்ட். புடிச்சுப்போச்சுன்னா ஆயுசுக்கும் நம்மளை உட்டுப் போகமாட்டாங்க."

"அப்படிப்பட்டவங்கதான் வேணும். என்ன கேக்கறாங்க?"

அவன் கேட்டது ஒரு சன்னல்தான். ஆனால் சன்னல் மட்டும் இருந்தால் அறை ஆகிவிடுமா? குடோன் காலியானது. கிழக்குச் சுவரைக் கொத்தனார் உடைத்தார். அத்தாவிடம் அதற்குச் சொன்ன பெயர் நேச்சுரல் லைட். குளியலறையும் கக்கூசும் வந்தன. அது ஒர்க்கர் வெல்ஃபேர். ஓரமாக ஒரு சமையல் மேடை வந்தபோது மட்டும் பசீர் மூக்கைச் சொறிந்தார்.

"ஏங் கண்ணு, ஆடிட்டுக்கு வர்றவன் சோறாக்கித் திம்பானா?"

"பேன்ட்ரிங்கத்தா. இப்ப எல்லா கம்பெனியிலயும் கேக்கறாங்க."

"சரி, ரெட்டைக் கட்டில் எதுக்கு?"

"அது சிக் ரூமுங்க."

"சிக் ரூமுக்கு ஒத்தைக் கட்டில் பத்தாதா?"

"ஒரே சமயத்துல ரெண்டு பேரு மயங்கி உழுந்துட்டா என்ன பண்றதுங்க?"

பசீர் யோசித்தார். "அதுவும் சரிதான். பஞ்சு மெத்தையாப் போடு. நோவு வந்தவங்க நல்லாப் படுக்கட்டும்."

இவ்வளவு நல்ல மனிதரை ஏமாற்றுகிறோமே என்று அவளுக்கு உறுத்தியது. அன்று மாலை ஹில்மி போனில் சிரித்ததும் உறுத்தல் போன இடம் தெரியவில்லை.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் செக்கிங் செக்‌ஷன் சீனியம்மாள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, மெஹ்ஜபினோடு உட்கார்ந்து தையல் பிசிறு வெட்டிப் பழகி, அவளுக்கு அக்கா மாதிரி ஆகிவிட்டவள். மேலே வந்து கட்டிலில் உட்கார்ந்து ஒரு குதி குதித்துப் பார்த்தாள்.

"ஏம்மா, உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? அந்தப் பிள்ளை பெட்டியும் கையுமா வந்து நிக்கும்போது அப்பாகிட்ட என்ன சொல்லுவீங்க? ஆடிட்டர்னா?"

"நிக்காஹ் முடிஞ்சதும் சொல்லிக்கலாம்க்கா."

"அதுவரைக்கும் எனக்கு நெஞ்சு தாங்காது. சிக் ரூம்ல என்னையத்தான் மொதல்ல படுக்கப் போடணும்."

இருவரும் அந்தக் கட்டிலில் விழுந்து சிரித்தார்கள்.

இதற்கிடையில் அம்மா காத்தூன் பீவி ஒருநாள் மேலே வந்தார். காத்தூன் பீவி தெற்கே காயல்பட்டினத்துக்காரர். முப்பது வருஷத்துக்கு முன்னால் பசீருக்கு வாழ்க்கைப்பட்டு திருப்பூர் வந்தவர். வந்த இடத்துப் பேச்சையே பேசப் பழகி, மகளையும் உம்மா என்று கூப்பிட வைக்காமல் அம்மா என்றே பழக்கியவர். அதிகம் பேசமாட்டார். ஹில்மியின் உம்மா முதல்முதலாகப் போனில் பசீரைக் காக்கா என்று கூப்பிட்டபோது மனிதர் ஆடிப்போய்விட்டார். "அண்ணனை அப்படித்தாங்க கூப்பிடுவாங்க, எங்க ஊர்லயும் அதேதான்" என்று அந்த ஒரு தடவைதான் காத்தூன் பீவி குறுக்கே பேசியது. இப்போது மேலே வந்தவர் சன்னலைப் பார்த்தார், மெத்தையை அழுத்திப் பார்த்தார். மெஹ்ஜபின் ஆடிட் விளக்கத்தை நாக்கு நுனியில் தயாராக வைத்துக்கொண்டாள்.

"ஒரு அலமாரி போடு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஆடிட்டுக்கு அலமாரி கேட்பார்களா என்று அவரும் கேட்கவில்லை, அவளும் விளக்கவில்லை.

கீழே பசீர் அகமது மகளின் சீர் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். பாத்திரத்துக்குப் பேர்போன அனுப்பர்பாளையத்துக்கே நேரில் போய்த் தேர்ந்தெடுத்த பித்தளை அண்டா, எவர்சில்வர் குடம், இட்லிக் கொப்பரை. எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் பெட்டியில் போட்டு, நாலு பக்கமும் டேப் ஒட்டி, பெட்டி மேல் கொட்டை எழுத்தில் 'கொழும்பு வழி கல்முனை' என்று எழுதி, கப்பல்காரனிடம் விலை விசாரித்தும் வைத்திருந்தார். ஒவ்வொரு பெட்டி முடிந்ததும் துணி ரோல்களுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார். கண் சிவந்திருக்கும்.

"பஞ்சுத் தூசி கண்ணு" என்பார்.

சொல்லிவிடலாமா என்று மெஹ்ஜபினுக்குத் தொண்டைவரை வரும். சொன்னால் அந்தக் கண்ணீர் நிற்கும், கல்யாணமும் நிற்கும். விழுங்கிக்கொள்வாள்.

மாப்பிள்ளை வீட்டார் காங்கேசன்துறையில் கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கி, அங்கிருந்து வேன் பிடித்து வந்தார்கள். அந்தக் கப்பல் நாலு நாள் ஓடும், பத்து நாள் நிற்கும். காற்று என்பார்கள், கடல் என்பார்கள், இரண்டு சர்க்காரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பார்கள். அந்த வாரம் ஓடியது. நிக்காஹுக்கு முந்தின நாள் காலை வேன் வாசலில் வந்து நின்றபோது மேலே கட்டியிருந்த பெட்டிகளைப் பார்த்துத் தெருவே வெளியே வந்தது. ஹில்மியின் உம்மா ஜெஸீமா ஒரு சின்னப் பையோடு இறங்கினார். மற்றதெல்லாம் மாப்பிள்ளையின் பெட்டிகள். அவனுடைய தலையணை தனியாக ஒரு பொட்டலத்தில் வந்திருந்தது.

"எவ்வளவு துணிமணி கொண்டாந்திருக்காங்க பாரு நம்ம புள்ளைக்கு" என்று பசீர் பூரித்துப்போனார்.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டதும் ஜெஸீமா உம்மா எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"மறுகா, ஊட்டப் பார்ப்பமா, காக்கா?"

அவர் ஊரில் அது முறை. மாப்பிள்ளையை விட்டுப் போகுமுன் உம்மாக்காரி வீட்டைப் பார்க்காமல் போகமாட்டாள். பசீருக்கு அது மரியாதைக்குக் கேட்ட கேள்வி. கூடம், சமையற்கட்டு, மொட்டை மாடி என்று தன் வீட்டைச் சுற்றிக் காட்டினார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அந்த அம்மாள் கேட்டார்:

"இது உங்கட ஊடு. புள்ளைக்குக் குடுக்கிற ஊடு எங்க?"

மெஹ்ஜபின் பாய்ந்தாள். "மாமிக்கு கம்பெனியைக் காட்டலாங்கத்தா. மேல புது ரூம் இருக்குதில்லீங்க."

மகளின் முகம் ஏன் வெளுத்திருக்கிறது என்று பார்க்க பசீருக்கு நேரமில்லை. புது ரூமைக் காட்ட அவருக்கு ஏற்கெனவே ஆசைதான். முன்னால் ஏறினார். மெஹ்ஜபின் பின்னால் ஏறினாள். சீனியம்மாள் கீழே படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாருங்க, ஆடிட்டுன்னு சொன்னாங்க, ஒரு குறை வைக்கலை" என்று பசீர் கதவைத் திறந்தார். "காத்து வெளிச்சம் நல்லா வரோணும்னாங்க. கிழக்கால சன்னல் வெச்சாச்சு."

"மகன் சொன்னவன். கிழக்குத்தான் வேணுமெண்டு" என்றார் ஜெஸீமா உம்மா.

மாப்பிள்ளைக்கும் ஆடிட் விவரமெல்லாம் தெரிந்திருக்கிறதே என்று பசீர் மெச்சிக்கொண்டார். "இந்தா, தீ அணைக்கிற சிலிண்டர்."

"கவனமான ஆக்கள்."

"கட்டில் ரெட்டைக் கட்டில். ஒரே சமயத்துல ரெண்டு பேரு படுக்கலாம்."

ஜெஸீமா உம்மா சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பெண்ணைப் பெற்றவர் இதையெல்லாம் இப்படி வெளிப்படையாகச் சொல்லும் ஊர் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். குழாயைத் திறந்து பார்த்தார். அடுப்படியில் விரலால் தடவிப் பார்த்தார். மெஹ்ஜபினின் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டார்.

"நல்லம், மகள். எனக்கு மனசு நிறைஞ்சிட்டு."

தப்பித்துவிட்டோம் என்று மெஹ்ஜபின் ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் ஹில்மி ஒரு பெட்டியைத் தோளிலும் தலையணைப் பொட்டலத்தைக் கையிலும் வைத்துக்கொண்டு படியேறி வந்தான். நேரே அலமாரியைத் திறந்து சட்டைகளை அடுக்க ஆரம்பித்தான்.

"என்னங்க மாப்பிள்ளை, சாம்பிள் கொண்டாந்திருக்கீங்களா?" என்றார் பசீர்.

"இல்ல மாமா, என்ட சேட்டுகள். கீழ இன்னும் இரிக்கி. இனி இங்கதானே இரிக்கப்போறம், ஆறுதலா அடுக்குவம்."

பசீர் சட்டைகளைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார். கடைசியில் மகளைப் பார்த்தார். அதன்பிறகு அங்கே எழுந்த சத்தம் கீழே லைன்வரை கேட்டது.

"எங்க வம்சத்துல எவனும் ஊட்டோட மாப்பிள்ளை வெச்சதில்லீங்க. புள்ளையைக் கட்டிக் குடுத்தா மாப்பிள்ளை ஊட்டுக்குப் போறதுதான் மொறை. நாளைக்கு ஊரே காறித் துப்பும்."

"கலியாணம் முடிச்ச ஆம்புள உம்மாட ஊட்ட இருந்தா எங்கட ஊரு சிரிக்கும், காக்கா. பொண்ணுக்கு என்ன குறையெண்டு கேப்பாங்க. நான் இருக்கிற ஊடும் இளைய மகளுக்கு எழுதிக் குடுத்தாச்சு. மருமகள எங்க கொண்டுபோய் வைக்கிற?"

"அது உங்க பாடு. பெட்டியெல்லாம் கட்டி வெச்சிருக்கறனுங்க. அவளைக் கூட்டிட்டுப் போங்க."

"ஏலாது. அவன வெச்சிருங்க."

இரண்டு பேரும் பிள்ளைகளை ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் மானம்தான் பெரிது. இங்கே எது மானமோ அங்கே அது மானக்கேடு. நடுவில் பிள்ளைகள் இரண்டு நாட்டிலும் நிற்க இடமில்லாமல் நின்றார்கள்.

"ரெண்டும் ஆகாதுன்னா" என்ற பசீரின் குரல் இறங்கியது, "இத்தோட நிறுத்திக்குவோம்."

மெஹ்ஜபின் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். இனி மறைக்க ஒன்றுமில்லை. "தப்பு என்மேலதாங்க. எனக்கு அப்பவே தெரியும். ஆடிட்டும் இல்லை, ஒண்ணும் இல்லை. இவரையும் உட முடியலை, கம்பெனியையும் உட முடியலை. நான்தான் ரெண்டு பக்கமும் சொல்லலை."

ஹில்மி அவளைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப இந்தச் சன்னல்?"

"நீங்க கேட்டப்ப இல்லீங்க. கிழக்குன்னு சொன்னப்புறம்தான் செவுத்தை உடைச்சோம்."

அவன் கோபித்திருக்க வேண்டும். அதற்குரிய நேரம்தான் அது. ஆனால் அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், தலையணையில் முகத்தைப் புதைத்தான், தோள் இரண்டும் குலுங்கின. அதைப் பார்த்து அவளுக்கும் வந்துவிட்டது. கல்யாணம் நிற்கப்போகிற நேரத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பசீருக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது.

"சிரிக்கறீங்களா? இது அவங்க நாட்டு வழக்கம். நம்மளுக்கு ஆகாத வழக்கம்."

"உங்களுக்குத்தாங்க ஆகாது" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

காத்தூன் பீவி டீத்தட்டோடு நின்றார். தட்டைச் சமையல் மேடையில் வைத்தார். வைத்துவிட்டு எல்லோரும் இருக்கும்போதே புருஷன் முகத்தைப் பார்த்துப் பேசினார். இந்த வீட்டில் அப்படி அவர் பேசி மெஹ்ஜபின் பார்த்ததில்லை.

"எங்க காயல்பட்டினத்துலயும் மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வருவாங்க. மறந்துபோச்சா? எங்க உம்மா நமக்குன்னு மாடியில ஒரு அறைய வெள்ளையடிச்சு வெச்சிருந்தாங்க. நீங்க ஒரு வாரம்கூட இருக்கல. ஆர்டர் இருக்குன்னு சொல்லி என்னையக் கூட்டிட்டு வந்துட்டீங்க. எங்க ஊர்ல எல்லாரும் கேட்டாங்க, காத்தூன் மாப்பிள்ளைக்கு நம்ம வீடு புடிக்கலியான்னு. எங்க வாப்பா வெளிய தலைகாட்டல."

"அப்ப ஆர்டர் இருந்துச்சு காத்தூன்" என்றார் பசீர் ஈனக் குரலில்.

"ஆமாங்க. முப்பது வருஷமா இருந்துட்டேதான் இருக்குது."

பசீர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "அப்ப நான் உங்க ஊட்டோட மாப்பிள்ளையா இருந்திருக்கோணும்ங்கறயா?"

"ஆமாங்க."

இவ்வளவு நேரம் சண்டைக்கு நின்ற ஜெஸீமா உம்மா ஓரடி முன்னால் வந்து, அக்கா முறை வைத்துக் கேட்டார். "நீங்க காயல்பட்டினமா, ராத்தா? எங்கட மூத்தவாப்பா அங்கயிருந்து யாவாரத்துக்கு வந்து எங்கட ஊர்ல கலியாணம் முடிச்சவரெண்டு சொல்லுவாங்க. அவரும் பொண்ணூட்டதான் இருந்த."

"எந்தத் தெருன்னு சொன்னாங்களா?"

"தெரு தெரியா. கடலுக்குக் கிட்டவாம்."

"எல்லாத் தெருவும் கடலுக்குக் கிட்டத்தான். உக்காருங்க."

இரண்டு பெண்களும் அந்தப் பஞ்சு மெத்தையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவ்வளவுதான். உம்மா, வாப்பா, ராத்தா, காக்கா என்று பேச்சு எங்கேயோ போயிற்று. மகள் பிறந்ததிலிருந்து கேட்டிராத ஒரு தமிழ் காத்தூன் பீவியின் வாயிலிருந்து மளமளவென்று கொட்டியது. வீடு யாருக்கு, எப்போது மாப்பிள்ளைக்குச் சாவி கொடுப்பது, முதல் சாப்பாட்டுக்கு என்ன சமைப்பது என்று அவர்களே பேசி அவர்களே முடித்தார்கள். கல்யாணத்தை நிறுத்திய பசீர் அகமது சமையல் மேடைப் பக்கம் நின்று, யாரும் எடுக்காத டீயை எடுத்துக் குடித்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கீழே கட்டிங் டேபிள் பக்கம் மெஹ்ஜபின் அவரைத் தேடிப் போனாள்.

"நான் அழுதது உனக்குத் தெரியுமா கண்ணு?"

"தெரியுங்கத்தா."

"தெரிஞ்சும் சொல்லலை பாரு."

"சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

பசீர் துணியை நீவிவிட்டுக்கொண்டே யோசித்தார். பொய் சொல்ல வராத மனிதர். "மாட்டேன்" என்றார். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் நீவினார். "ஆனா நீ போகமாட்டேன்னு கேட்டதும் எனக்குள்ள என்னமோ கூத்தாடுச்சு கண்ணு. அதை மறைக்கத்தான் அவ்வளவு சத்தம் போட்டேன். ஊருக்குப் பயந்துட்டுப் பெத்த புள்ளையை அந்தப் பக்கம் தள்ளிட்டு நின்னேன் பாரு." மெஹ்ஜபின் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அழுதார்கள், இம்முறை தூசியின் மேல் யாரும் பழி போடவில்லை.

மறுநாள் நிக்காஹ் நடந்தது. யாரும் கேட்பதற்கு முன்னால் பசீர் அகமதுவே மண்டபத்தில் மேஜை மேஜையாகப் போய், "மாப்பிள்ளை நம்ம ஊட்டோடதானுங்க இருப்பாரு. எங்க மாமனார் ஊர் வழக்கம்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். காலங்காலமாக அவரிடம் கேலி வாங்கிய அந்தச் சித்தப்பா மகன் பந்தியிலிருந்து எழுந்து வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். சீனியம்மாள் வட்டிலப்பத்தை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஆடிட்டில் கம்பெனி பாஸ் என்று லைன் முழுக்கச் சொன்னாள்.

விருந்தெல்லாம் ஓய்ந்து சம்பந்தி வீட்டார் கப்பலேறிய பிறகு, ஒருநாள் காலை காத்தூன் பீவி சேலை மாற்றிக்கொண்டு கூடத்தில் வந்து நின்றார்.

"காயல்பட்டினத்துக்கு டிக்கெட் போடச் சொல்லியிருக்கேன். எங்க உம்மா எனக்கு எழுதிக் குடுத்த பாதி வீடு அங்க இருக்கு. தங்கச்சி கூட்டிப் பெருக்கி வெச்சிருக்கா. நீங்களும் வரணும்."

"எத்தனை நாளைக்கு?" என்றார் பசீர்.

"அதை மாப்பிள்ளை கேக்கக் கூடாதுங்க."

ஆர்டர் என்று சொல்ல வாயெடுத்தவர் மகளைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டு பெட்டி எடுக்கப் போனார்.

போய் ஒரு வாரம் போனே இல்லை. எட்டாம் நாள் மெஹ்ஜபின் ஷிப்மென்ட் அவசரத்தில் இருந்தபோது அத்தா கூப்பிட்டார். அந்தப் பக்கம் ஒரே சத்தம். தன்னைப் புது மாப்பிள்ளை என்றுதான் தெருவே கூப்பிடுகிறது என்றார். ஆளாளுக்கு விருந்துக்கு இழுத்து, ஒரு வேளைகூடச் சொந்த வீட்டில் சாப்பிட விடமாட்டேன் என்கிறார்கள், சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்றார். சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"மெஹ்ஜபின்."

"சொல்லுங்கத்தா."

"உங்கம்மா சிரிக்கறா கண்ணு. அவ தங்கச்சியோட உக்காந்துட்டு, காலையில இருந்து. இவ இப்படிச் சிரிப்பாள்னே எனக்குத் தெரியாது."

மெஹ்ஜபின் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மிஷின் சத்தத்தையும் மீறி அது கேட்டது. பெரிய, கூச்சமில்லாத, மூச்சு வாங்கும் சிரிப்பு. அத்தா சொல்லாமல், அது யாருடையது என்று கேட்டிருந்தால் அவளாலும் சொல்லியிருக்க முடியாது. இத்தனை வருஷம் அம்மாவின் பக்கத்திலேயே இருந்தவள்.

"அங்கேயே இருங்கத்தா" என்றாள். "இங்க நாங்க பாத்துக்கறோம்."

"அப்படியா" என்றார் பசீர் அகமது. ஆர்டரைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.